ரைட் கிளிக் மெனுவை நீட்டிக்கும் மென்பொருள்கள்: வேகமும் தாமதமும் எங்கிருந்து வருகின்றன?

கணினியில் ஒரு கோப்பைத் திறக்கும் வேலையைக் கூர்ந்து கவனித்தால், திறப்பதற்கு ஓரிரு நொடிகளே ஆகின்றன என்பதும், அந்தக் கோப்பு இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்கே பொழுது கழிகிறது என்பதும் தெரியவரும். ஐந்தாறு கோப்புறைகளுக்கு உள்ளே கிடக்கும் ஒரு கணக்குத்தாளை, விண்டோஸின் கோப்பு மேலாளரான எக்ஸ்புளோரர் சாளரத்தில் கண்ணெதிரே வைத்துக்கொண்டே, அதை மின்னஞ்சலில் இணைக்க முற்படும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். இணைப்புப் பொத்தானை அழுத்தியதும் திறக்கும் பெட்டி அவருக்குத் தொடர்பே இல்லாத வேறொரு கோப்புறையைக் காட்டுகிறது. அங்கிருந்து டிரைவைப் பிடித்து, ஆண்டைப் பிடித்து, மாதத்தைப் பிடித்து, மறுபடியும் அதே பாதையில் அவர் நடக்க வேண்டியிருக்கிறது. கோப்பு எங்கே இருக்கிறது என்பது எக்ஸ்புளோரருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்; ஆனாலும் ஒரு நிரலுக்குத் தெரிந்த முகவரியை இன்னொரு நிரலுக்கு அவர்தான் கால்நடையாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்.

ரைட் கிளிக் மெனுவில் கூடுதல் கட்டளைகளைச் சேர்க்கும் சிறு மென்பொருள்கள் குறைப்பது இந்த நடையைத்தான். அவற்றின் அறிமுகக் குறிப்புகளில் வேகம் என்ற சொல் தாராளமாகப் புழங்கினாலும், அவை செய்வது முகவரியைக் கைமாற்றும் வேலையே. அந்தக் கைமாற்றல் எந்த வழியில் நடக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அவை கணினியை விரைவாக்குகின்றனவா, அல்லது ஒவ்வொரு ரைட் கிளிக்குக்கும் ஒரு சிறு வரி வசூலிக்கின்றனவா என்பது அமைகிறது.

சுட்டி நிற்கும் இடத்திலேயே மெனு முளைக்கும் ஏற்பாடு 1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் உருவான ஸ்மால்டாக் என்ற நிரலாக்கச் சூழலிலேயே இருந்தது. 1992இல் ஐபிஎம் வெளியிட்ட ஓஎஸ்/2 2.0 இயங்குதளம், திரையில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் மவுஸின் வலது பொத்தானில் ஒரு மெனுவை வைத்தது. 1995 ஆகஸ்டு 24 அன்று வெளிவந்த விண்டோஸ் 95 அதைப் பெருந்திரளான மக்களின் விரல் பழக்கமாக்கியது. ஒற்றைப் பொத்தான் மவுஸில் பிடிவாதமாக இருந்த ஆப்பிள்கூட 1997இல் மேக் ஓஎஸ் 8 பதிப்பில், கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு கிளிக் செய்தால் அதே மெனு வரும்படி செய்தது.

இந்த மெனுவின் அடிப்படை, பொருளை முதலில் தொட்டுவிட்டு வினையைப் பிறகு தேர்வது. கட்டளை வரியில் 'காப்பி' என்ற வினையை முதலில் தட்டச்சு செய்துவிட்டு எதை என்று பின்னால் சொல்ல வேண்டும். ரைட் கிளிக்கில் 'இந்தக் கோப்பை' என்று தொட்டுக் காட்டிய பிறகுதான் 'நகலெடு' என்ற சொல் வருகிறது. தமிழ் வாக்கியமும் இப்படித்தான் நடக்கிறது என்பதால், நமக்கு இது இயல்பாக அமைந்துவிட்டதோ என்று எனக்கு அவ்வப்போது தோன்றுவதுண்டு. பொருள் ஏற்கெனவே தொடப்பட்டுவிட்டதால் அதன் முகவரியை யாரும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. மெனுவில் உள்ள எந்தக் கட்டளையைத் தேர்ந்தாலும், முகவரி தானாகவே அதன் பின்னால் போகிறது.

விண்டோஸ் 95 காலத்திலேயே மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் பவர்டாய்ஸ் என்ற பெயரில் இலவசமாக வழங்கிய சிறு கருவிகளில் இந்த எண்ணம் முழுதாகத் தெரிகிறது. ஒரு கோப்புறையைத் தொட்டு அங்கேயே கட்டளைச் சாளரத்தைத் திறக்கும் 'டாஸ் பிராம்ப்ட் ஹியர்', அதையே வேராகக் கொண்டு எக்ஸ்புளோரரைத் திறக்கும் 'எக்ஸ்புளோர் ஃப்ரம் ஹியர்' ஆகிய இரண்டும் அந்தத் தொகுப்பில் இருந்தன. இரண்டு பெயர்களிலும் வரும் 'இங்கே' என்ற சொல்தான் விஷயம். அதற்குப் பிறகு வந்த நூற்றுக்கணக்கான நீட்டிப்புக் கருவிகளும் இங்கிருந்து, இங்கே, இதை என்ற மூன்று சொற்களையே வெவ்வேறு நிரல்களோடு ஒட்டவைக்கின்றன. 2019இல் பவர்டாய்ஸ் புத்துயிர் பெற்ற பிறகும், பல கோப்புகளுக்கு ஒரே நேரத்தில் பெயர் மாற்றும் பவர்ரீநேம், படங்களின் அளவை மாற்றும் இமேஜ் ரீசைசர் ஆகியவை ரைட் கிளிக் மெனு வழியாகவே வந்தன. ஒரு கோப்பை எந்த நிரல் பிடித்துவைத்திருக்கிறது என்று காட்டும் ஃபைல் லாக்ஸ்மித் பின்னர் சேர்ந்தது.

விண்டோஸில் இந்த மெனுவுக்குள் புதிய வரி ஒன்றைச் சேர்க்க இரண்டு முக்கிய வழிகள் உண்டு. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு, வாசலில் பெயர்ப்பலகை மாட்டுவதற்கும் வீட்டுக்குள் ஆளைக் குடிவைப்பதற்கும் உள்ள வேறுபாடு.

பெயர்ப்பலகை வழி மிகவும் எளிமையானது. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'கிளாசஸ் ரூட்' என்னும் பெரிய கிளைக்குள், எல்லாக் கோப்புகளையும் குறிக்கும் நட்சத்திரக் குறியிட்ட பிரிவு ஒன்றும், கோப்புறைகளுக்கான 'டைரக்டரி' பிரிவும், கோப்புறைக்குள் வெற்றிடத்தைத் தொடும்போது பயன்படும் 'பேக்கிரவுண்ட்' பிரிவும் இருக்கின்றன. இவற்றில் ஒன்றின் கீழ் 'ஷெல்' என்ற துணைப்பிரிவுக்குள் நாம் விரும்பும் பெயரில் ஒரு பிரிவை உருவாக்கி, அதற்குள் 'கமாண்ட்' என்று இன்னொன்றை வைத்து, அதன் மதிப்பாக நிரலின் முகவரியையும் அதை அடுத்து "%1" என்ற குறியையும் எழுதிவிட்டால் வேலை முடிந்தது. மெனுவில் அந்தப் பெயரைத் தேர்ந்ததும் %1 இருந்த இடத்தில் கோப்பின் முழு முகவரி வந்து அமர்ந்துகொள்கிறது. வெற்றிடத்துக்கான பிரிவில் மட்டும் %1க்குப் பதிலாக %V எழுத வேண்டும், ஏனெனில் அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட பொருள் எதுவும் இல்லை, நாம் நிற்கும் இடம்தான் இருக்கிறது.

அந்த %1ஐச் சுற்றியுள்ள மேற்கோள் குறிகளைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். விட்டுவிட்டால், 'ஆண்டு அறிக்கை' என்ற பெயருள்ள கோப்பு 'ஆண்டு' என்று ஒன்றும் 'அறிக்கை' என்று ஒன்றுமாக இரண்டாகப் பிளந்து, இரண்டுமே இல்லை என்று நிரல் புலம்பும். பிரிவுக்குள் 'எக்ஸ்டெண்டட்' என்ற வெற்று மதிப்பு ஒன்றைச் சேர்த்துவிட்டால், ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ரைட் கிளிக் செய்யும்போது மட்டும் அந்தக் கட்டளை தலைகாட்டும். அபூர்வமாகத் தேவைப்படும் கட்டளைகளை ஒதுக்கிவைக்க இதைவிட நல்ல இடம் இல்லை. இதே அமைப்பை நடப்புப் பயனருக்கான கிளையில் செய்துகொண்டால் நிர்வாகி அனுமதியும் தேவைப்படாது. மெனு திறக்கும்போது விண்டோஸ் இந்தச் சில வரிகளை வாசிப்பதோடு சரி. பெயரைத் தேர்ந்தால் ஒழிய அந்த நிரல் கண் விழிப்பதே இல்லை. எனவே இத்தகைய கட்டளைகளால் மெனு நீளுமே தவிர, மெனு திறக்கும் வேகம் உணரும் அளவுக்குக் குறைவதில்லை.

ஆனால் இந்த வழிக்கு ஓர் எல்லை உண்டு. பத்துப் படங்களைத் தேர்ந்தெடுத்து இத்தகைய கட்டளையை அழுத்தினால், இயல்பான அமைப்பில் அந்த நிரல் படத்துக்கு ஒரு முறையாகப் பத்து முறை தொடங்கும். பதினைந்துக்கு மேல் தேர்ந்தெடுத்தால், திற, அச்சிடு போன்ற கட்டளைகள் மெனுவிலிருந்தே காணாமல் போகும். நூறு சாளரங்கள் ஒரே நேரத்தில் திறந்து கணினி திணறாமல் இருக்க விண்டோஸ் தானே போட்டுக்கொண்ட வேலி இது. நேற்று வரை இருந்த கட்டளை இன்று எங்கே போயிற்று என்று குழம்பும் பலரும், தாங்கள் பதினாறாவது கோப்பைத் தேர்ந்ததைக் கவனித்திருக்க மாட்டார்கள். ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றி இந்த வரம்பை உயர்த்த முடியும் என்றாலும், பத்து முறை தொடங்கும் சிக்கல் அதனால் தீராது.

பல கோப்புகளை ஒரே நிரலுக்கு ஒரே மூச்சில் கொடுக்க வேண்டுமானால், விண்டோஸ் 95 முதலே இருந்துவரும் 'சென்ட் டு' பட்டியல் போதும் என்பது என் அனுபவம். முகவரிப் பெட்டியில் 'ஷெல்:சென்ட்டு' என்று ஆங்கில எழுத்துகளில் தட்டினால் திறக்கும் கோப்புறையில், நாம் விரும்பும் நிரலுக்கோ கோப்புறைக்கோ ஒரு குறுக்குவழியை வைத்துவிட்டால், மறு நொடியே அது மெனுவில் வந்துவிடும். தேர்ந்தெடுத்த கோப்புகள் அனைத்தின் முகவரிகளும் ஒரே வரியாகக் கோக்கப்பட்டு நிரலிடம் ஒப்படைக்கப்படும். ஒரு நிரலைத் தொடங்கும்போது விண்டோஸ் அனுமதிக்கும் கட்டளை வரியின் உச்ச நீளம் 32,767 எழுத்துகள் என்பதால், பாதைகள் நீளமாக இருந்து கோப்புகளும் நூற்றுக்கணக்கில் இருந்தால் இதுவும் தடுக்கி விழும். அன்றாட வேலையில் அந்த நிலை அரிது. காசு கொடுத்து வாங்கும் சில கருவிகளின் பாதிப் பயன் இந்த ஒரு கோப்புறையில் அடங்கிவிடுகிறது.

இரண்டாவது வழி, வீட்டுக்குள் ஆளைக் குடிவைப்பது. ஷெல் நீட்சி என்று சொல்லப்படும் இதில், மென்பொருளின் ஒரு பகுதி டிஎல்எல் கோப்பாக, அதாவது வேறொரு நிரலுக்குள் அமர்ந்து ஓடும் நிரல் துண்டாக, எக்ஸ்புளோரருக்குள்ளேயே ஏற்றப்படுகிறது. நாம் ரைட் கிளிக் செய்தவுடன், பதிவு செய்துகொண்ட ஒவ்வொரு நீட்சியிடமும் எக்ஸ்புளோரர் தேர்ந்தெடுக்கப்பட்ட கோப்புகளின் பட்டியலைக் கொடுத்து, மெனுவில் சேர்க்க உன்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்கிறது. நீட்சி அந்தப் பட்டியலைப் பார்த்து யோசித்துப் பதில் சொல்லலாம்: இரண்டு கோப்புகள் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால் மட்டும் 'ஒப்பிடு' என்று காட்டலாம், ஸிப் கோப்பாக இருந்தால் அதன் பெயரையே போட்டு 'இந்தக் கோப்புறைக்குள் பிரி' என்று காட்டலாம், அடிக்கடி போகும் கோப்புறைகளை அடுக்கடுக்கான துணைமெனுவாக விரிக்கலாம். கோப்புகளைச் சுருக்கும் 7-ஸிப், வின்ரார், கோப்புகளின் மாற்றங்களைப் பதிப்பு பதிப்பாகப் பேணும் டார்ட்டாய்ஸ்எஸ்விஎன் போன்றவை காட்டும் சாமர்த்தியம் எல்லாம் இப்படி வருவதுதான்.

இடர்ப்பாடும் அங்கேதான். இந்த உரையாடல் ஒவ்வொருவராக, வரிசையில் நடக்கிறது. எல்லா நீட்சிகளும் பதில் சொல்லி முடிக்கும் வரை மெனு திரைக்கு வராது. ஒன்று தயங்கினால் மற்ற அனைத்தும் காத்திருக்கும். அதற்குப் பின்னால் நாமும் காத்திருப்போம்.

சில ஆண்டுகளுக்கு முன் என் கணினியில் எந்தக் கோப்பை ரைட் கிளிக் செய்தாலும் சுழலும் வட்டம் தோன்றி, மனத்துக்குள் எண்ணினால் பதினெட்டு வரும்வரை மெனு வராமல் இருந்தது. காலையில் சரியாக இருக்கும், சில மாலைகளில் படுத்துக்கொள்ளும். வன்தட்டைச் சந்தேகித்தேன், வைரஸ் என்று பயந்தேன், நினைவகத்தைக் குறை சொன்னேன். கடைசியில், நிர் சோஃபர் என்னும் நிரலாளர் நிர்சாஃப்ட் தளத்தில் இலவசமாக வழங்கும் ஷெல்எக்ஸ்வியூ கருவியைத் திறந்து, மைக்ரோசாஃப்ட்டுக்கு உரியவற்றை மறைத்துவிட்டுப் பார்த்தபோது, மெனுவில் கைவைக்கும் வெளியார் நீட்சிகள் மட்டும் இருபத்து நான்கு இருந்தன. பாதியை முடக்கி, எக்ஸ்புளோரரை மறுதொடக்கம் செய்து, ரைட் கிளிக் செய்து பார்ப்பது. தாமதம் நீங்கினால் முடக்கிய பாதியிலும், நீங்காவிட்டால் மீதிப் பாதியிலும் தேடலைத் தொடர்வது என்று ஐந்து சுற்றில் ஆள் அகப்பட்டது.

கோப்புகளை ஒப்பிட்டுப் பார்க்க ஒரே ஒரு முறை நிறுவிய சிறு நிரல் அது. கடைசியாக ஒப்பிட்ட கோப்பை நினைவில் வைத்துக்கொண்டு, 'அதோடு ஒப்பிடு' என்று காட்டலாமா என அறிய, ஒவ்வொரு ரைட் கிளிக்குக்கும் அந்தக் கோப்பு இன்னும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கோப்போ மாலையில் அணைத்துவைக்கப்படும் வேறொரு கணினியில், நெட்வொர்க் டிரைவில் இருந்தது. பதில் வராத வாசலில் ஒவ்வொரு முறையும் நின்று கதவைத் தட்டிவிட்டுத்தான் அந்த நிரல் திரும்பியிருக்கிறது. அந்த நிரலை எழுதியவர் தன் மேசைக் கணினியில் சோதித்தபோது இந்தச் சோதனைக்கு மில்லிநொடிகூட ஆகியிருக்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தாமதம் மட்டுமல்ல. டிஎல்எல் எக்ஸ்புளோரருக்குள் ஓடுவதால், அது தடுக்கி விழுந்தால் எக்ஸ்புளோரரும் சேர்ந்து விழும். டாஸ்க்பாரும் டெஸ்க்டாப்பும் எக்ஸ்புளோரரின் பொறுப்பில் இருப்பதால், திரை ஒரு நொடி வெறுமையாகி மீண்டும் வரும். நீட்சி எக்ஸ்புளோரரோடு நின்றுவிடுவதும் இல்லை. வேர்டிலோ உலாவியிலோ திறக்கும் 'ஓப்பன்', 'சேவ்' பெட்டிகளும் எக்ஸ்புளோரருக்கு அடியில் உள்ள அதே ஷெல் என்னும் பகுதியைப் பயன்படுத்துவதால், அங்கே ரைட் கிளிக் செய்தால் அதே டிஎல்எல் அந்த நிரலுக்குள்ளும் ஏற்றப்படுகிறது. ஒரு மென்பொருள் எந்தக் காரணமும் தெரியாமல் 'சேவ்' பெட்டியில் மட்டும் உறைந்துபோகிறது என்றால், அதன்மேல் பழிபோடுவதற்கு முன் மெனுவில் யாரெல்லாம் குடியிருக்கிறார்கள் என்று பார்ப்பது நல்லது. நீட்டிப்புக் கருவிகளை நிறுவும்போதும் நீக்கும்போதும் கணினியை மறுதொடக்கம் செய்யச் சொல்வதற்குக் காரணமும் இதுவே: ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸ்புளோரர் அந்த டிஎல்எல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை அதை அழிக்கவோ மாற்றவோ முடியாது.

64 பிட் விண்டோஸ் பரவிய காலத்தில், 32 பிட் டிஎல்எல்லை 64 பிட் எக்ஸ்புளோரருக்குள் ஏற்ற முடியாது என்பதால் பழைய கருவிகள் பலவும் பிழைச்செய்தி எதுவும் காட்டாமலே மெனுவிலிருந்து மறைந்துபோயின. தன் டாட்நெட் என்னும் நிரலாக்கத் தளத்தின் மொழிகளில் ஷெல் நீட்சி எழுத வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட் நெடுங்காலம் அறிவுறுத்தி வந்ததும் இதே வீட்டுக்குள் குடிவைக்கும் சிக்கலால்தான். டாட்நெட் 4 வரும் வரை ஒரு செயல்முறைக்குள், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலுக்குள், அதன் ஒரே ஒரு பதிப்புதான் இயங்க முடியும், யார் முதலில் உள்ளே வந்தாரோ அவருடைய பதிப்பு மற்றவர்கள்மேல் திணிக்கப்படும். நன்கு எழுதப்பட்ட கருவிகள் இதை உணர்ந்து நடக்கின்றன. டார்ட்டாய்ஸ்எஸ்விஎன், கோப்புகளின் நிலையைக் கண்டறியும் பளுவான வேலையைத் தனியாக ஓடும் ஒரு துணை நிரலிடம் விட்டுவிட்டு, எக்ஸ்புளோரருக்குள் இருக்கும் பகுதியை இயன்றவரை மெலிதாக வைத்திருக்கிறது.

2021 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11 இந்தக் கதையில் ஒரு கோடு கிழித்தது. மெனு கட்டுப்பாடின்றி வளர்ந்துவிட்டது, அடிக்கடி தேவைப்படும் கட்டளைகள் சுட்டியிலிருந்து விலகிப்போய்விட்டன, ஒரே மென்பொருளின் கட்டளைகள் சிதறிக் கிடக்கின்றன, எக்ஸ்புளோரருக்குள் ஓடும் அயல் நிரல்கள் அதன் வேகத்தையும் நிலைத்தன்மையையும் கெடுக்கின்றன என்பவையே மைக்ரோசாஃப்ட் முன்வைத்த காரணங்கள். புதிய மெனுவில் வெட்டு, நகலெடு, பெயர்மாற்று, அழி போன்றவை சிறு படங்களாகச் சுட்டிக்கு மிக அருகில் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஒரு மென்பொருள் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டளைகளைக் கொடுத்தால் அவை அதன் பெயரின்கீழ் ஒரே துணைமெனுவாகச் சுருட்டப்படுகின்றன. இதற்குள் இடம்பெற, மென்பொருள் முறையான தொகுப்பு அடையாளத்தோடும் புதிய இடைமுகத்தோடும் வர வேண்டும். பழைய வழியில் பதிவானவை அனைத்தும், ரெஜிஸ்ட்ரியில் கைப்பட எழுதியவை உட்பட, 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்ற கதவுக்குப் பின்னால் தள்ளப்பட்டன.

நோய் என்ன என்பதை மைக்ரோசாஃப்ட் சரியாகவே கண்டுபிடித்தது. மருந்தில்தான் எனக்கு உடன்பாடு குறைவு. எக்ஸ்புளோரரை ஒரு நொடிகூடத் தாமதப்படுத்தாத பெயர்ப்பலகைக் கட்டளைகளையும், உள்ளே புகுந்து உட்கார்ந்துகொள்ளும் டிஎல்எல்களையும் ஒரே தராசில் நிறுத்து, இரண்டையும் பின்கட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டியதில்லை. ஒரு கிளிக்கை மிச்சப்படுத்த வந்த கருவி, கூடுதலாக ஒரு கிளிக் கேட்கும் நிலைக்கு வந்துவிட்டது. ஷிஃப்ட் விசையோடு ரைட் கிளிக் செய்தால் பழைய மெனு நேராகவே வரும் என்பது தெரிந்தவர்களுக்கு ஆறுதல். நடப்புப் பயனரின் கிளையில் ஒரு வெற்றுப் பதிவைச் சேர்த்துப் பழைய மெனுவையே நிரந்தரமாக வரவழைக்கும் வழியும் பரவலாகப் புழங்குகிறது. நைல்சாஃப்ட் ஷெல் போன்ற திறமூலக் கருவிகள், ஓர் எழுத்துக்கோப்பில் நாம் எழுதிவைக்கும் விதிகளின்படி மெனுவையே முழுதாக மாற்றி அடுக்கித் தருகின்றன. ஆனால் இவையும் அதே எக்ஸ்புளோரருக்குள் அமர்ந்துதான் வேலை செய்கின்றன என்பதை நிறுவுவதற்கு முன்பே நினைவில் வைக்க வேண்டும்.

மற்ற இயங்குதளங்கள் இந்த முடிச்சை வேறு வகையில் அவிழ்த்தன. மேக்கில் அதன் கோப்பு மேலாளரான ஃபைண்டருக்குள் ஏறி அமரும் பழைய மெனு நீட்சிகள் 2009இன் ஸ்னோ லெபர்டோடு 64 பிட் நிரல்களில் வழக்கொழிந்தன. 2014இன் யோசெமிட்டி கொண்டுவந்த ஃபைண்டர் சிங்க் நீட்சிகள் தனிச் செயல்முறையில் ஓடுவதால், அவை விழுந்தாலும் ஃபைண்டர் விழுவதில்லை. 2018இன் மொஹாவே முதல், வேலைகளைத் தானியங்கச் செய்யும் ஆட்டோமேட்டர் நிரலில் உருவாக்கிய பணித்தொடரை 'குவிக் ஆக்ஷன்ஸ்' பட்டியலில் வைத்துக்கொள்ளலாம். லினக்ஸில் இது இன்னும் வெளிப்படையானது: நாட்டிலஸ் கோப்பு மேலாளருக்குரிய 'ஸ்கிரிப்ட்ஸ்' கோப்புறையில் ஓடக்கூடிய ஓர் எழுத்துக்கோப்பை வைத்தால் அது மெனுவில் வந்துவிடும், துனார் என்ற இன்னொரு கோப்பு மேலாளரில் ஒரு பெட்டியை நிரப்பினால் போதும், ஒரு கோப்புக்கு %f, பல கோப்புகளுக்கு %F. விண்டோஸில் பத்து முறை தொடங்கும் நிரலின் சிக்கலை அங்கே ஒரு பெரிய எழுத்து தீர்த்துவைக்கிறது.

இனி, கருவிகள் அன்றாடத்தில் என்ன தருகின்றன என்பதற்கு வரலாம். லோப்சாஃப்ட்டின் ஃபைல்மெனு டூல்ஸ் போன்ற தொகுப்புகள் முகவரியை நகலெடுப்பது, கோப்பின் நாள் நேரத்தை மாற்றுவது, பூட்டப்பட்ட கோப்பை விடுவிப்பது, பெரிய கோப்பைப் பிரிப்பது என ஒரு பெட்டி நிறையக் கருவிகளைத் தருகின்றன. இவற்றுள் நாள்தோறும் கைபடுவது முதலாவதுதான். அற்பமாகத் தெரிந்தாலும் அதில் நுணுக்கம் அதிகம். விண்டோஸே தரும் 'காப்பி ஆஸ் பாத்', முன்பு ஷிஃப்டோடு ரைட் கிளிக் செய்தால் மட்டும் தெரிந்தது, விண்டோஸ் 11இல் முதல் மெனுவுக்கே வந்துவிட்டது. ஆனால் அது முகவரியை மேற்கோள் குறிகளுக்குள் வைத்தே தருகிறது. கட்டளை வரிக்கு அது சரி. மின்னஞ்சலில் ஒட்டினால் குறிகளை அழிக்க வேண்டும், நிரல் வரிகளில் ஒட்டினால் பின்சாய்வுக் கோடுகளை முன்சாய்வாகத் திருப்ப வேண்டும். எல்லாவற்றிலும் தொல்லை தருவது நெட்வொர்க் டிரைவ்: என் கணினியில் 'இசட்' என்று பெயர் பெற்ற டிரைவ் சக ஊழியரின் கணினியில் அந்தப் பெயரில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நான் அனுப்பிய முகவரியைக் கிளிக் செய்து, கோப்பையே காணோம் என்று அவர் சொன்னால் இருவர் மேலும் தவறில்லை. நல்ல கருவி, டிரைவின் எழுத்தை நீக்கிவிட்டு, சர்வரின் பெயரோடு தொடங்கும் முழு முகவரியைத் தரும். இந்த ஒரு வசதிக்காகவே ஒரு கருவியை வைத்திருப்பவர்கள் உண்டு. நானும் அவர்களில் ஒருவன்.

இன்னொரு வகை, முதலில் சொன்ன இணைப்புப் பெட்டிச் சிக்கலை நேராகத் தொடுகிறது. விண்டோஸில் லிஸ்டரி என்ற கருவி, 'ஓப்பன்' பெட்டி திறந்திருக்கும்போது கன்ட்ரோலும் ஜி விசையும் சேர்த்து அழுத்தினால், எக்ஸ்புளோரரில் ஏற்கெனவே திறந்துள்ள கோப்புறைக்கு அந்தப் பெட்டியை நகர்த்திவிடுகிறது. மேக்கில் டிஃபால்ட் ஃபோல்டர் எக்ஸ், அண்மையில் போன கோப்புறைகளையும் விருப்பமானவற்றையும் அதே பெட்டியின் ஓரத்தில் வைக்கிறது. இவை ரைட் கிளிக் மெனுவின் உறவினர்களே என்றாலும், என் மதிப்பில் கோப்பை விரைந்து அடைவதற்கு மெனு நீட்சிகளைவிட இவை கூடுதலாகப் பயன்படுகின்றன. ஏனெனில் நடை முழுவதும் நிகழ்வது அந்தப் பெட்டிக்குள்தான். கோப்பின் பெயர் நினைவில் இருந்து இடம் மறந்துபோயிருந்தால், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் அமைப்பிலான டிரைவின் கோப்பு அட்டவணையையே வாசித்துத் தட்டத் தட்ட விடை தரும் எவ்ரிதிங் போன்ற தேடல் கருவிதான் ஏற்றது. ரைட் கிளிக்கின் வலிமை, பொருள் கண்ணெதிரே இருக்கும்போது மட்டும்.

மெனுவின் நீளம் தனியாகப் பேச வேண்டிய ஒன்று. இலக்கு தொலைவில் இருந்தாலோ சிறிதாக இருந்தாலோ கை அதை அடைய நேரம் கூடும் என்பதை உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954இல் ஒரு சமன்பாடாக எழுதினார். ரைட் கிளிக் மெனு தொடக்கத்தில் வென்றதே இதனால்தான்: திரையின் உச்சியில் உள்ள பட்டிக்குப் போக வேண்டாம், மெனுவே விரல் நுனிக்கு வருகிறது. ஆனால் ஒவ்வொரு புதிய கட்டளையும் தனக்குக் கீழுள்ள அனைத்தையும் ஒரு வரி கீழே தள்ளுகிறது. அதோடு, கோப்பின் வகைக்கு ஏற்ப நீட்சிகள் தோன்றுவதும் மறைவதுமாக இருப்பதால், நேற்று ஏழாவது வரியில் இருந்த 'பெயர்மாற்று' இன்று பதினொன்றாவது வரிக்குப் போயிருக்கும். கை பழகிய இடத்துக்குப் போய் வேறெதையோ அழுத்திவிடும். விசைப்பலகையில் மெனு விசையையோ ஷிஃப்டோடு எஃப்10ஐயோ அழுத்தி, அடிக்கோடிட்ட எழுத்தைத் தட்டிப் பழகியவர்களுக்கு இன்னொரு வகை இடர்: புதிய நீட்சி அதே எழுத்தைப் பிடித்துக்கொண்டால், ஒரே தட்டில் முடிந்த வேலை இரண்டுக்கும் இடையே தாவிக்கொண்டு நிற்கும். இருபது கட்டளைகளை வரிசையாக நிறுத்தும் கருவியைவிட, எல்லாவற்றையும் ஒரே துணைமெனுவுக்குள் அடக்கவும் வேண்டாதவற்றை ஒவ்வொன்றாக அணைக்கவும் இடம்தரும் கருவி மேலானது. 7-ஸிப்பின் அமைப்புகளில் இந்த இரண்டும் இருக்கின்றன; நிறுவியவர்களில் எத்தனை பேர் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருப்பார்கள் என்பதுதான் கேள்வி.

மெனுவில் ஒரு டிஎல்எல்லைப் பதிவு செய்வது என்பது, பயனர் உள்நுழைந்து ரைட் கிளிக் செய்யும் போதெல்லாம் தன் நிரல் ஓடுவதற்கு அனுமதி பெறுவது என்பதால், தீய நோக்கமுள்ள நிரல்களுக்கும் இந்த வாசல் பிடிக்கும். மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ஆட்டோரன்ஸ் கருவி, கணினியோடு தானாகத் தொடங்குபவற்றின் வரிசையில் எக்ஸ்புளோரர் நீட்சிகளுக்கும் ஒரு தனிப் பக்கம் ஒதுக்கியிருப்பது இதனால்தான். கருவியை நீக்கிய பிறகும் அதன் பதிவுகள் ரெஜிஸ்ட்ரியில் தங்கிவிடுவதுண்டு. எதையும் மாற்றுவதற்கு முன் அந்தக் கிளையை மட்டும் வலது கிளிக் செய்து 'எக்ஸ்போர்ட்' மூலம் சேமித்துக்கொண்டால், தவறு நேர்ந்தாலும் அந்தக் கோப்பை இருமுறை கிளிக் செய்து மீட்டுவிடலாம்.

நான் நிறுவிய நீட்சிகளில் இப்போது என்னிடம் எஞ்சியிருப்பவை நான்கு: 7-ஸிப், பவர்ரீநேம், சர்வர் பெயரோடு முகவரியைத் தரும் கருவி, ஒரு வைரஸ் தடுப்பி. ஒப்பிடும் வேலைக்கு அதே பழைய நிரலைத்தான் இன்னும் பயன்படுத்துகிறேன். அதன் நீட்சியை முடக்கிவிட்டு, 'சென்ட் டு' கோப்புறையில் அதற்கு ஒரு குறுக்குவழியை வைத்திருக்கிறேன். இரண்டு கோப்புகளைத் தேர்ந்து அனுப்பினால் இரண்டையும் அருகருகே திறந்து காட்டுகிறது, அனுப்பாதபோது அது கணினியில் இருப்பதே தெரிவதில்லை.